தேருக்கு டை அடிக்கலாமா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்னு சொல்லி, மணியைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு ஒரு தம்பி உட்கார்ந்திருக்கார். அதனால சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், சாம்பார் சாதம் கொண்டு வந்திருக்கிற அம்மா எல்லாரும் அந்த ஒரே வணக்கத்தைப் பங்கு போட்டுக்கணும்.

பழைய மரத்தேர்ல மங்கிப்போன ஓவியங்களை அப்படியே காப்பாத்தணுமா, புதுசா எழுதணுமா? இதுதான் தலைப்பு. நான் புதுசா எழுதணும்கிற அணி. இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு முன்னால பேசின சகோதரி சொல்லிட்டாங்க. "தலைக்கு டை அடிச்சிட்டு வந்திருக்கிற அண்ணாச்சி, தேருக்கும் டை அடிக்கத்தானே சொல்வார்?"ன்னு கேட்டாங்க. சபை சிரிச்சது. தப்பில்லை. ஆனா முதல் சிரிப்பு மூணாவது வரிசையில இருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் சம்சாரம்.

ஐயா, அந்த டைக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. போன வருஷம் வரைக்கும் என் தலை பஞ்சு மாதிரி வெள்ளை. நானும் இவளும் முனிர்காவுல மெட்ரோ ஏறினோம். கூட்டம். உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பொண்ணு என்னைப் பார்த்துச்சு, இவளைப் பார்த்துச்சு, எழுந்துச்சு. எழுந்து இவகிட்ட சொல்லுது: "தீதீ, பாபுஜி கோ பிட்டா தீஜியே."

தில்லித் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார் மாமியாருக்காக விளக்குறேன். "அக்கா, உங்க அப்பாவை உட்கார வைங்க!"

இவ மறுத்திருக்கணுமா இல்லையா? "இவர் என் வீட்டுக்காரர்மா"ன்னு நாலு வார்த்தை. இந்தி தெரியாதவளா? லஜ்பத் நகர் மார்க்கெட்ல முந்நூறு ரூபாய் பொருளை எண்பதுக்கு இறக்குற அளவுக்கு இந்தி தெரியும்! ஒண்ணும் பேசலை. என் தோளைப் பிடிச்சு, பதமா உட்கார வச்சா. வச்சுட்டு அந்தப் பொண்ணுகிட்ட "தேங்க்யூ பேட்டா"ன்னா.

அன்னிக்கு ராத்திரியே மன்னார்குடிக்குப் போன். மறுநாள் மலை மந்திர்ல அர்ச்சனை. யார் பேருக்குன்னு குருக்கள் கேட்கிறார். என் பேரைச் சொல்லி, "பெரியவருக்கு"ங்கிறா! பால்காரர்கிட்ட சொல்லியாச்சு, இஸ்திரிக்காரர்கிட்ட சொல்லியாச்சு. இஸ்திரிக்காரர் அன்னையிலிருந்து என்னைப் பார்த்தா "பாபுஜி, பார்த்து நடங்க"ங்கிறார். அன்னிக்கு சாயங்காலம் வாங்கினேன் ஐயா, அந்த டை பாக்கெட்டை.

சகோதரி, இப்ப சொல்லுங்க. டை அடிச்சதும் நான் வேற ஆளாயிட்டேனா? அதே முழங்கால் வலி, அதே பென்ஷன். ஊர் என்னைத் தப்பாப் படிச்சது, திருத்தினேன். அவ்வளவுதான்.

எங்க ஊர்த் தேர்லயும் அதான் நடந்தது. சின்னத் தேர்தான். கீழ்ப்பலகைகள்ல எந்தக் காலத்திலேயோ யாரோ எழுதின படங்கள். உறியில வெண்ணெய் எடுக்கிற கண்ணன், குறத்தி, வடம் இழுக்கிற ஜனங்க. வெயில் சாயத்தைத் தின்னுடுச்சு. மழைக்குப் பலகை ஊதுது, கோடையில சுருங்குது. அந்த இழுபறியில பூச்சு செதில் செதிலா உதிருது. போன தடவை ஊருக்குப் போனப்ப ஒரு பொடியன் கேட்டான், "தாத்தா, தேர்ல எதுக்குப் பூனை வரைஞ்சிருக்காங்க?" கிட்டப் போய்ப் பார்த்தா, உறி போச்சு, பானை போச்சு, கண்ணன் முகமும் போச்சு. ஊன்றின முட்டியும் தூக்கின ஒரு கையும்தான் மிச்சம். அந்தக் கை அவனுக்கு வாலாத் தெரியுது! அதை அப்படியே காப்பாத்தணுமாம். எதை? பூனையையா?

எனாமல் அடிச்சுக் கெடுத்துடுவாங்கன்னு சகோதரி பயப்படுறாங்க. நியாயம். பக்கத்து ஊர்ல லாரிக்கு எழுதுறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் பழக்க தோஷத்துல தேரோட பின்பக்கம் "ஒலி எழுப்பவும்"னு எழுதிட்டார். முன்னால நாதஸ்வரம், தவில். பின்னால வந்தவங்க என்ன நினைச்சிருப்பாங்க! எனாமல் வேண்டாம்கிறதை நானும் ஒத்துக்கிறேன். அது மரத்தோட மூச்சை அடைக்கும், உள்ளே போன ஈரம் வெளியே வராது. படம் பிடிச்சு வச்சுக்கிட்டு, மிச்சமிருக்கிற கோட்டைத் தாள்ல நகல் எடுத்துக்கிட்டு, கை தெரிஞ்சவங்களை வச்சு எழுதுங்கன்னுதான் சொல்றேன். ஆள் இல்லையா? தேர்ச்சீலைக்கும், தேர்ல குழாய் மாதிரி தொங்குற தொம்பைக்கும் கலம்காரி, அதாவது துணியில கையாலேயே படம், எழுதுற குடும்பங்கள் கருப்பூர்லயும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலயும் இன்னும் இருக்கு. கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சது.

பூரியைப் பாருங்க. மூணு தேர். ஜகந்நாதருக்கு 16 சக்கரம், பலராமருக்கு 14, சுபத்திரைக்கு 12. அட்சய திருதியை அன்னிக்கு வேலை தொடங்கும். வருஷா வருஷம் புது மரம், புதுச் சாயம், சித்ரகாரர்கள் புதுசா எழுதணும். அங்க பக்தி குறைஞ்சு போச்சா? அவ்வளவு தூரம் ஏன், நம்ம ஹவுஸ்காஸ் ஜகந்நாதர் கோயில் ரத யாத்திரையில போய் நின்னு பாருங்க. திருவாரூர் ஆழித்தேர் 1926-ல எரிஞ்சு போச்சு. சாம்பலைக் கட்டி வச்சா அழுதாங்க? புதுசா செஞ்சாங்க. பிற்பாடு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம் போட்டுக் கொடுத்தது. இன்னிக்கும் ஓடுதே!

"பழைய கைவண்ணம் போயிடுமே"ன்னு சகோதரி கடைசியாக் கேட்டாங்க. அதுக்குப் பிரமாதமான பதில் வச்சிருக்கேன். ஆனா தம்பி மணியில கை வச்சுட்டார். அதனால எங்க அம்மாவைப் பத்திச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

அம்மா ஒரு மார்கழியில இங்க வந்திருந்தா. புடவை மேல என் பழைய ஸ்வெட்டர், தலையில குரங்குக் குல்லா. ஜன்பத்ல தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல் பக்கமே, கண்ணாடிக் கூண்டுக்குள்ள நம்ம பக்கத்து மரத்தேர் ஒண்ணு நிக்குது, பார்த்திருப்பீங்க. பலகை பலகையா அப்படி ஒரு செதுக்கல். அம்மா பார்த்த உடனே செருப்பைக் கழட்டிட்டா. அந்தக் குளிர்ல, வெறுங்கால்ல, கண்ணாடியைச் சுத்தி வர்றா. காவலர் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை.

சுத்தி வந்து கேட்டா, "வடம் எங்கடா?"

"இது ஓடாதும்மா."

"ஏன், அச்சு முறிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. பத்திரமா வச்சிருக்காங்க."

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தா. அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலா மடிச்ச ஒரு பத்து ரூபாய் நோட்டை என் கையில வச்சா. "ஊருக்குப் போறப்ப நம்ம தேருக்குச் சாயம் வாங்கக் குடுத்துடு. குறத்தி முகம் அழிஞ்சுக்கிட்டே வருது. அவளைப் பார்த்துதான் நான் வடம் தொடுவேன்"னா.

நான் ஊருக்குப் போறதுக்குள்ள அம்மா போயிட்டா. தேர்க் கமிட்டியில, பழசைத் தொடக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், சகோதரி மாதிரியே நல்ல மனுஷர்தான். குறத்தி முகம் இப்ப சுத்தமா இல்லை. நோட்டு இந்தச் சட்டைப் பையில இருக்கு.

நடுவர் ஐயா, தீர்ப்பை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. இந்தப் பத்து ரூபாயை நான் யார்கிட்ட கொடுக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுக் கொடுங்க. வணக்கம்.