சாத்தும் கதவுக்கு முன்னால்தான் கூட்டம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மின்விசிறி இல்லாத வரிசையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் வங்கிக் கிளைகள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகள் சொன்னார். நாலு சுவருக்குள் கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்றார். ஏடிஎம்மும் செல்போனும் இருக்கும்போது கிளை எதற்கு என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கவுன்டருக்குப் பின்னால் இருப்பவனும் மனிதன்தானே, அவன் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்னக் கிளையில் காசாளராக இருந்தேன். ஊர் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏப்ரல் 3-ஆம் தேதிக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போடுவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது. நாடு முழுக்க 20 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்கக் கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். 0, 1 என்று முடிந்தால் 3-ஆம் தேதி. 2, 3 என்று முடிந்தால் 4-ஆம் தேதி. இப்படியே 9-ஆம் தேதி வரைக்கும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கும் அம்மாவுக்குக் கடைசி இலக்கம் எங்கே தெரியும்? அதற்குள் ஒரு வதந்தி வேறு. உடனே எடுக்காவிட்டால் அரசாங்கம் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். அப்படியெல்லாம் இல்லை என்று அரசு மறுத்தது. மறுப்பு மாட்டுவண்டியில் வந்தது, வதந்தி மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டது.

வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தோம். பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு வட்டம்கூடக் காலியில்லை. ஒன்றில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அடுத்ததில் கல் வைத்த பாஸ்புக். அடுத்ததில் ஒரு கட்டைப்பை. சரி, ஆட்கள் எங்கே? எதிர்ச் சாரியில் வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். எங்கள் ஊரில் சமூக இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவை செருப்புகள் மட்டும்தான்.

"பார்த்தீர்களா, அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்" என்று எதிரணி நண்பர் தலையாட்டுகிறார். ஆட்டுங்கள். நான் கேட்பது, அந்தக் கூட்டம் ஏன் வந்தது?

காசாளன் கணக்கு ஒன்று சொல்கிறேன். பணம் எடுக்க ஒருவருக்கு மூன்று நிமிடம். கைநாட்டு வைப்பவர் என்றால் சாட்சிக் கையெழுத்தோடு சேர்த்து ஐந்து நிமிடம். ஊரடங்கில் எங்கள் நேரத்தைக் காலை பத்து முதல் இரண்டு வரை என்று சுருக்கிவிட்டார்கள். ஊழியரில் பாதிப் பேர் வீட்டில். இரண்டு கவுன்டர் ஒன்றானது. நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். நான் தண்ணீர் குடிக்காமல் எண்ணினாலும் 80 பேர். வெளியே குறைந்தது 200 பேர். பன்னிரண்டரை ஆனதும், இன்றைக்கு நமக்குக் கிடைக்காது என்று மரத்தடிக்குப் புரிந்தது. அவ்வளவுதான். செருப்பெல்லாம் காலில் ஏறின. கிரில் கதவில் முகங்கள் ஒட்டின. அதுவரை மரத்தடியில் காற்றோட்டமாக நின்றவர்கள், முகக்கவசம் தாடைக்கு இறங்க, ஒருவர் மூச்சு அடுத்தவர் கழுத்தில் படும்படி நெருக்கினார்கள்.

நடுவர் அவர்களே, அது திறந்திருந்த கதவைப் பார்த்து வந்த கூட்டம் அல்ல. சாத்தப்போகிறார்கள் என்ற பயத்தில் முண்டியடித்த கூட்டம்.

என் ஊர்க் கதை போதாது என்றால் சென்னைக்கு வாருங்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு. 25-ஆம் தேதி என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் ஊரே திரண்டது. நான்கு நாட்களுக்குப் பிரிந்து வரவேண்டியவர்கள் ஒரே காலையில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு கோயம்பேடு பெரிய தொற்று மையமாகி, மே 5-ஆம் தேதி சந்தையையே மூட வேண்டியதாயிற்று. எல்லாம் அந்த ஒரு நாளால் வந்த வினை என்று நான் சொல்லமாட்டேன். அது மருத்துவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் மூடல் அறிவிப்பு கூட்டத்தைக் கலைத்ததா, கூட்டியதா என்பதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை.

இன்னொரு உதாரணம் டாஸ்மாக். சிரிக்காதீர்கள், ஒரே வரிதான். 43 நாள் பூட்டியிருந்து மே 7-ஆம் தேதி திறந்தபோது நின்ற வரிசையின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். அதே மக்கள், ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தபோது எப்படி நின்றார்கள்? வீடு வீடாக டோக்கன் கொடுத்து, இன்ன நாள், இன்ன நேரம் என்று எழுதியிருந்த இடங்களில் பதறாமல் வந்து வாங்கிப் போனார்கள். எங்கள் மேலாளர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அடுத்த வாரம் தெருவாரியாக டோக்கன், ஒவ்வொன்றிலும் நேரம். மரத்தடியில் ஆடு மட்டும் படுத்திருந்தது.

ஏடிஎம்முக்கு வருகிறேன். ஏடிஎம் என்ன கேணியா, பணம் தானாக ஊற? எங்கள் வாசலில் இருந்த இயந்திரத்துக்குப் பணம் நிரப்பியதே நாங்கள்தான். கிளையைப் பூட்டிவிட்டு ஏடிஎம்மை நம்புங்கள் என்பது, மாட்டை விற்றுவிட்டுப் பாலுக்குச் செம்பை நீட்டுவது போல. பெட்டி அளவு அறை, ஜன்னல் கிடையாது. கார்டைத் தெரியாத பையனிடம் கொடுத்து, ரகசிய எண்ணை ஊருக்கே கேட்கும்படி சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

செல்போன் என்கிறார் நண்பர். நல்லது. நானும் செல்போனில்தான் மின்கட்டணம் கட்டுகிறேன். ஆனால் அந்த அம்மாவின் கணக்கில் இருக்கும் செல்போன் எண் அவருடைய மகனுடையது. மகன் திருப்பூரில். ஓடிபி திருப்பூருக்குப் போகும், அம்மா இங்கே நிற்பார். அதோடு ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் செல்போனுக்கு மாறிவிட்டதாகப் பேசிக்கொண்டோமே, அதே 2020-21 நிதியாண்டில் நாட்டில் புழங்கிய ரூபாய் நோட்டுகளின் மதிப்பு 16.8 சதவீதம் கூடியது என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொல்கிறது. பயம் வந்தால் மனிதன் கையில் நோட்டை வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

தபால்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஆதார் விரல்ரேகையில் பணம் கொடுத்தார்களே என்றார் எதிரணியின் இளைய பேச்சாளர். கொடுத்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த இயந்திரம் எல்லா விரலையும் ஏற்காது, தம்பி. எங்கள் கிளைக்கு வருகிற ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த கை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். சேலையில் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து வைத்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்து எங்களிடம் வந்தார். பஸ் ஏது அப்போது? முகக்கவசம் போட்டிருந்தாலும் குரலை வைத்தே அவரைத் தெரியும் எனக்கு. மைப்பெட்டியைப் பலரும் தொடக் கூடாது என்பதற்காகப் பஞ்சைக் கிள்ளி, மையில் தோய்த்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கட்டைவிரலில் தடவிக்கொண்டு சீட்டில் அழுத்தினார். இயந்திரத்துக்குத் தெரியாத ரேகை காகிதத்தில் மங்கலாக விழுந்தது. 500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

நகைக்கடனை மறந்தே போய்விட்டார்கள் எதிரணியினர். கழுத்துச் சங்கிலியை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? தராசில் வைக்க வேண்டும், உரைகல்லில் தேய்க்க வேண்டும், அதற்கு ஒரு மேசையும் திறந்த கதவும் வேண்டும். நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவந்த கடனை, விவசாயம் அல்லாத தேவைகளுக்கு 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி உயர்த்தியது, சும்மாவா? வேலை போன வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்தத் தோடுதான். நாங்கள் கதவைச் சாத்தியிருந்தால் அந்தத் தோடு எந்த வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கும், எந்த வட்டிக்குப் போயிருக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. இதற்கு மட்டும் நான் சிரிக்க வைக்கமாட்டேன்.

பயம் இருந்தது. எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கத்தை முப்பது வருடமாக மேலதிகாரிகள் சொல்லியும் நான் விடவில்லை. கொரோனா வந்த மூன்றே நாளில் விட்டேன். மேசை விரிப்பு விற்கும் கடையில் பிளாஸ்டிக் தாள் வாங்கி, கவுன்டரில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். எங்கள் சொந்தக் காசு. நோட்டுக்கட்டை வெயிலில் வைத்து எடுத்த நாட்களும் உண்டு. அதனால் கிருமி செத்ததோ இல்லையோ, எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

2021 மே மாதம், இரண்டாம் அலை. எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் இறந்துபோனார். 42 வயது. எங்கே தொற்றியது, கவுன்டரிலா, காய்கறிக் கடையிலா, யாருக்கும் தெரியாது. எதிரணித் தலைவர் இப்படிப்பட்டவர்களைக் காட்டித்தான் மூடச் சொல்கிறார். நான் வேறொன்றைக் காட்டுகிறேன். ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசி தொடங்கியது. முதலில் மருத்துவத் துறையினர், பிப்ரவரியில் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வருவாய்த் துறையினர். நியாயமான வரிசை. ஆனால் அந்த முன்களப் பட்டியலில் வங்கி ஊழியர் இல்லை. ஊரடங்கில் கதவைத் திற என்னும்போது நாங்கள் அத்தியாவசியப் பணி. ஊசி என்னும்போது வயது என்ன என்று கேட்டார்கள். மார்ச்சில் அறுபது, ஏப்ரலில் நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டுக்கு முறை வந்தது மே மாதத்தில். அப்போது ஊசி கிடைக்கவில்லை. ஊசியை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும், கண்ணாடித் தடுப்பை வங்கியே போட்டிருக்க வேண்டும், இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு வேளை உட்கார வைத்திருக்க வேண்டும். மாலை ஆறு வரை திறந்திருந்தால் கூட்டம் பாதியாகியிருக்கும், எங்கள் முகத்துக்கு நேரே வரும் மூச்சும் பாதியாகியிருக்கும். இவ்வளவையும் செய்யாமல் விட்டவர்களை விட்டுவிட்டு, கதவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்குகிற மாதிரி அடித்துவிடாதீர்கள், இன்னும் இரண்டே டோக்கன் பாக்கி.

ஒன்று, இத்தாலி. அங்கே 2020-இல் முன்பதிவு செய்தவர்களைத்தான் கிளைக்குள் விட்டார்கள் என்றார் தலைவர். அது எங்கள் கட்சிக்கான சாட்சி, தலைவரே! பதிவு செய்தவரை உள்ளே விடக் கதவு திறந்தால்தானே முடியும்? எங்கள் தெரு டோக்கனுக்கு இத்தாலியப் பெயர், அவ்வளவுதான்.

இன்னொன்று, வீட்டாரைக் கேட்டீர்களா என்றீர்களே. கேட்டேன். அந்த நாட்களில் என்னை வாசலிலேயே நிறுத்தி, கொல்லைப்புறமாகப் போகச் சொல்லி, வெந்நீரில் குளித்த பிறகே உள்ளே விட்டவர் என் மனைவி. நேற்று இரவு இந்தத் தலைப்பைச் சொல்லி, "அப்போது கிளையை மூடியிருந்தால் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் இல்லையா?" என்று கேட்டேன். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்ன நிம்மதி? உங்கள் வீடு எது என்று ஊருக்கே தெரியும். அந்த இருநூறு பேரும் நம் திண்ணைக்கு வந்திருப்பார்கள்."

நன்றி, வணக்கம்.