துக்கம் விசாரிக்க நாலு நாள்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதி எடுக்கும்போது, திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, நண்பர்களே, பின்வரிசையில் போனை மடியில் மறைத்து வைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, வணக்கம்.

தலைவர் என்னைக் 'கிரிக்கெட் பைத்தியம்' என்று அறிமுகப்படுத்தினார். பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். இப்போது பைத்தியம் தெளிந்துவிட்டது. எந்த மருந்தில் தெளிந்தது என்றுதான் எனக்கே விளங்கவில்லை. 'கிரிக்கெட் ஏன் அலுத்துப்போனது' என்று இவர்கள் தலைப்புக் கொடுத்தபோது, சரி, பேசிப் பார்த்தால் பிடிபடும் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கூட்டம் குறையவில்லை. சேப்பாக்கத்தில் ஐபிஎல் டிக்கெட் கிடைப்பது திருப்பதி தரிசன டிக்கெட் கிடைப்பதைவிடக் கஷ்டம். ஆகவே 'யாரும் கிரிக்கெட் பார்ப்பதில்லை' என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சொல்ல வருவது வேறு. பார்க்கிறார்கள், ஆனால் எதுவும் ஒட்டுவதில்லை. போன ஐபிஎல்லில் சென்னை தோற்ற ஆட்டங்களில் ஒன்றை, எதிரணி எது, எப்படித் தோற்றோம் என்று இப்போது யாராவது எழுந்து சொல்லுங்கள். (கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் எழவில்லை.) சரி. 1999 சென்னை டெஸ்ட் எப்படித் தோற்றோம்? பாருங்கள், நாலு கை தூக்கியாகிவிட்டது. அந்தக் கடைசி வரிசைப் பையன் அப்போது பிறந்தே இருக்க மாட்டான், அவனும் தூக்குகிறான்.

எனக்கு ஒன்பது வயதில் முதல் டெஸ்ட். ரேடியோவில்தான். 1975 ஜனவரி, வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்து நம்மை 190க்குச் சுருட்டினார். அதில் விஸ்வநாத் மட்டும் 97, அவுட்டாகாமல். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி நிற்கும்போது மறுமுனையில் ஆள் தீர்ந்துவிட்டது. அந்த மூன்று ரன்னுக்காக எங்கள் அப்பா எவ்வளவு நாள் வருத்தப்பட்டார் தெரியுமா? அந்த டெஸ்டில் நாம் நூறு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம், அது வேறு. ஜெயித்ததைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மூன்று ரன், மூன்று ரன் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்போதெல்லாம் சென்னைக்கு அது பொங்கல் டெஸ்ட். 75, 77, 79, 80, 82, 85, 88 என்று எல்லாம் ஜனவரி நடுவில்தான். வீட்டில் கரும்பு வரும், ஊருக்கு கவாஸ்கர் வருவார். 82இல் விஸ்வநாத் 222 அடித்தார். அவரும் யஷ்பால் சர்மாவும் சேர்ந்து 316 ரன். 88இல் நரேந்திர ஹிர்வானி என்ற கண்ணாடிக்காரப் பையன் தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தான். ஒரு டெஸ்ட் முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே வந்ததை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். தமிழ் வர்ணனையில் அப்துல் ஜப்பார் குரல் இருந்தது. பந்து எங்கே போனது என்று அவர் சொன்னால் நமக்குப் புல்வெளியே தெரியும். டீக்கடையில் பன்னிரண்டு பேர் ஒரு ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள். கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டு அடுத்த பந்துக்காகக் காத்திருப்பார்.

இதை எல்லாம் சொன்னால் 'கிழவன் பழங்கதை பேசுகிறான்' என்பீர்கள். பேசிக்கொள்கிறேன், எனக்கு இன்று மைக் கொடுத்திருக்கிறீர்கள்.

99க்கு வருகிறேன். ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு ஒன்பது வருஷம் கழித்து டெஸ்ட் தொடர். நான் காலரியில், சிமெண்ட் படியில், அன்றைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தயிர் சாதம், மாவடு, பிளாஸ்டிக் கேனில் மோர். அவருக்கு அஃப்ரிடிமேல் அப்படி ஒரு கோபம். முந்தின நாள் 141 அடித்து நம் கழுத்தை அறுத்துவிட்டானே. காலையிலிருந்து வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தார். இலக்கு 271. ஆறு ரன்னுக்கு இரண்டு விக்கெட் போயிருந்தது, அப்புறம் 82க்கு ஐந்து. பிறகு டெண்டுல்கரும் மோங்கியாவும் நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் டெண்டுல்கர் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். அவர் குனியும்போதெல்லாம் எங்கள் வரிசை முழுக்கக் குனிகிறது. பெரியவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். மாவடுவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

17 ரன் வேண்டும். சக்லைன் வீசியதை டெண்டுல்கர் தூக்கி அடித்தார், உயரே எழும்பியது, வாசிம் அக்ரம் பிடித்தார். அவர் அடித்தது 136. மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போய்விட்டன. கடைசியாக ஸ்ரீநாத் தடுத்த பந்து காலடியில் விழுந்து, மெதுவாகப் பின்னால் உருண்டு, ஸ்டம்பில் தட்டியது. அது உருண்ட நேரத்தில் நான் இன்னொரு தோசை வார்த்திருக்கலாம், அவ்வளவு மெதுவாக. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாகிஸ்தான்காரர்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்வது மட்டும் ஊமைப்படம் மாதிரி தெரிந்தது. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. என் பக்கத்துப் பெரியவர் எழுந்தார். வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். தட்டினார். அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அஃப்ரிடி எங்கள் பக்கம் வந்தபோதும் பெரியவர் தட்டினார். தட்டிக்கொண்டே, 'நாசமாப் போறவன், என்னமா ஆடிட்டான்' என்றார். அழுதுகொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஆபீசில் யாரும் வேலை செய்யவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று என் மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். ஒரு காபி குடித்தார், 'இன்னும் ரெண்டு ஓவர் நின்னிருந்தா...' என்றார், எழுந்து போனார். துக்கம் விசாரிக்க வந்துவிட்டுப் போகிறார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டில் யாரும் போய்விட்டு 'வருகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா? அவரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. கிரிக்கெட்டில் நமக்குக் குறைந்துபோனது ஆட்டமல்ல, தோல்வி. தோற்றால் துக்கம் காக்க நாள் வேண்டும். வீட்டில் ஒரு சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம்வரை அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த நாட்களில்தான் செத்தவர் யார் என்று நமக்குத் தெரிய வருகிறது. பால்காரரிலிருந்து பெரியப்பாவரை ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காலையில் எரித்துவிட்டு மாலையில் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் செத்தவரும் நினைவில் நிற்க மாட்டார், கல்யாணமும் இனிக்காது.

ஐபிஎல் 2008இல் எட்டு அணியோடு ஆரம்பித்தது. 2022 முதல் பத்து அணி, 74 ஆட்டம். ஓர் அணி லீக்கில் 14 ஆட்டம் ஆடுகிறது. அதில் ஆறு தோற்றாலும் பிளே-ஆஃப் போய்விடலாம். தோல்வி அங்கே தள்ளுபடிச் சரக்கு. இன்று தோற்றால், 'பரவாயில்லை, வியாழக்கிழமை இருக்கு.' யாரை எண்ணி அழுவது? மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வேறு. நம் மேற்கு மாம்பலத்து அஸ்வின் சென்னையின் மஞ்சள் சட்டையிலிருந்து கிளம்பி புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று ஊர் சுற்றிவிட்டு 2025இல் திரும்பி வந்தார். நடுவில் அவர் நம்மவரை அவுட்டாக்கினால் தட்டுவதா, திட்டுவதா?

போன ஒரு சீசனில் மருமகன் டிக்கெட் வாங்கித் தந்தான் என்று சேப்பாக்கம் போனேன். எல்லாரும் மஞ்சள். நன்றாகத்தான் இருந்தது, கடற்காற்றுகூட நேரத்துக்கு வந்தது. கடைசி ஓவர்களில் நம் ஆள் ஒருவர் அவுட். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நோ-பாலோ என்று பார்த்தேன். இல்லை, அடுத்து தோனி இறங்குகிறார். இதை ஜடேஜாவே 2023இல் ஆட்ட நாயகன் விருது வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் முன்னால் இறங்கினால் நான் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்று. தோனிமேல் எனக்கு மரியாதை உண்டு, தப்பாக நினைக்காதீர்கள். ஆனால் சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்குக் கைதட்டும் ரசிகனை என் அப்பாவிடம் காட்டியிருந்தால், அவர் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். 99இல் பெரியவர் தட்டியதும் இவர்கள் தட்டியதும் ஒரே மைதானத்தில்தான்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டேன், எல்லாருக்கும் தெரிந்ததே. 2023 முதல் 27 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. 410 ஆட்டம் என்று வைத்து வகுத்தால் ஆட்டத்துக்கு 118 கோடி, ஒரு பந்துக்கு ஏறக்குறைய 49 லட்சம். அவ்வளவு கொடுத்து வாங்கியவன் விளம்பரம் போடாமல் என்ன செய்வான்? ஓவரின் கடைசிப் பந்து கீப்பர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் பான் மசாலா வந்துவிடுகிறது. விழுந்த விக்கெட்டை நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த முப்பது விநாடிதான் ரசிகனுக்குச் சொந்தமாக இருந்தது. அதையும் விற்றாகிவிட்டது.

ஆட்டத்தின் உள்ளே நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2011இல் ஒருநாள் போட்டிக்கு இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து என்று வைத்தார்கள். பந்து பழசாகவே விடவில்லை. பழைய பந்தை எதிர்பாராத பக்கம் வளைக்கும் ரிவர்ஸ் ஸ்விங் செத்தது. பதினாலு வருஷம் கழித்து, 2025இல், 34 ஓவருக்கு மேல் ஒரே பந்து என்று பாதி திரும்பி வந்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஈடன் கார்டனில் கொல்கத்தா 261 அடித்தது, பஞ்சாப் அதைத் துரத்தி ஜெயித்தது. அந்த ஒரு ராத்திரியில் 42 சிக்ஸர். அதில் ஒன்றையாவது உங்களால் கண்ணை மூடிப் பார்க்க முடிகிறதா? 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி என்றால் தோனியின் ஒரே ஒரு சிக்ஸர்தான் எல்லார் கண்ணிலும் வரும்.

இங்கே முன்வரிசையில் ஒரு நண்பர் எழுந்து, 'பெங்களூர்க்காரனைக் கேளுங்க சார், அவனுக்கு ஐபிஎல் ஒட்டலையா?' என்றார். நல்ல கேள்வி. ஒட்டியிருக்கிறது. ஏன் தெரியுமா? 2009, 2011, 2016 என்று மூன்று இறுதிப் போட்டி தோற்று, பதினேழு சீசன் ஊரே கேலி செய்ததை வாங்கிக்கொண்டு, பதினெட்டாவது சீசனில்தான் கோப்பையைத் தொட்டார்கள். அவர்களுக்குத் தோல்வி சேர்ந்து சேர்ந்து ஒரு சொத்தாகிவிட்டது. அது எவ்வளவு கனமாக இருந்தது என்பது மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் தெரிந்தது. பதினொரு உயிர் நெரிசலில் போனது. ஒரு பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு மேலே போவோம்; அதை உதாரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே நண்பர் விடவில்லை. '99இல் சென்னையில் தோற்று நாலாவது நாளே டெல்லியில் அடுத்த டெஸ்ட் தொடங்கிடுச்சே, அப்பவும் துக்கத்துக்கு நாலு நாள்தானே?' என்றார். மாட்டினேன் என்று நினைத்தீர்களா? நாலு நாள்தான். ஆனால் டெல்லியில் எதிரே நின்றது அதே அக்ரம், அதே சக்லைன். அதே தொடர், அதே கடன். கும்ப்ளே 74 ரன் கொடுத்துப் பத்து விக்கெட்டையும் எடுத்தார், பத்தாவது அக்ரமே. சென்னையில் கேட்ச் பிடித்த கைக்குச் சொந்தக்காரர். எதிர்வீட்டுக்காரர் மறுபடி வந்தார், இந்தத் தடவை அவர் கையில் அல்வா. கணக்குத் தீர்ந்தது.

இன்னொரு நாலு நாள் இருக்கிறது. 2023 நவம்பர் 19, அகமதாபாத். பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்து உலகக் கோப்பை இறுதிக்கு வந்து, 240க்குச் சுருண்டோம். ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். என் பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பிடாமல் படுத்துவிட்டான். தலையணை நனைந்திருந்தது. அவன் அம்மா பதறினாள். எனக்கு, வெளியே சொல்லக் கூடாது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். குடும்பத்துக்கு இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று.

நவம்பர் 23, வியாழக்கிழமை சாயங்காலம். டிவி போட்டேன். விசாகப்பட்டினத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, டி20. பையன் ஓடி வந்தான்.

'தாத்தா, ரிவெஞ்சா?'

'இல்லடா, இது வேற தொடர்.'

'ரோஹித் எங்க? கோலி எங்க? ஷமி?'

'ரெஸ்ட்ல இருக்காங்க.'

இறுதிப் போட்டியில் ஆடிய நம் பதினோரு பேரில் சூர்யகுமார் யாதவ் ஒருவர்தான் அன்று களத்தில் இருந்தார். அந்தப் பக்கம் ஹெட்டும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், வீட்டுப் பாடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நல்ல ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 209 இலக்கு, கடைசிப் பந்தில் ஒரு ரன் வேண்டும், ரிங்கு சிங் சிக்ஸரே அடித்தார். பார்த்தால் அந்தப் பந்து நோ-பால், அதற்கே ஒரு ரன் உண்டு. அதிலேயே வெற்றி வந்துவிட்டதால் சிக்ஸர் கணக்கில் சேரவில்லை. பழைய பழக்கம், என்னை அறியாமல் உள்ளே பார்த்துக் கத்திவிட்டேன், 'டேய், ஆஸ்திரேலியாவ ஜெயிச்சாச்சுடா!'

உள்ளேயிருந்து கேட்டான், 'அப்போ கப்பைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா தாத்தா?'