மான்சியின் பழைய டிவி பாடங்களைப் பார்த்து இத்தாலியன் வாசிக்கக் கத்துக்கலாமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த சந்தேகம். இத்தாலியில, சிசிலித் தீவுல இருக்கிற பலேர்மோவிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன்: "அம்மா இங்க வந்து கனகாலம். இத்தாலியன் கதைச்சா ஓரளவு விளங்கும். தமிழ் நல்லா வாசிப்பா, இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. அல்பெர்த்தோ மான்சி எண்டு ஒரு வாத்தியார் டிவியிலயே பதினஞ்சு லட்சம் பேருக்கு எழுத்தறிவிச்சவராம், மெய்யோ? மார்க் போட மாட்டன் எண்டு ரப்பர் முத்திரை குத்தினதால அவரை வேலையால நிப்பாட்டினவையாமே? அவற்ற பாடத்தைப் போட்டுக் காட்டினா அம்மா படிப்பாவோ?"

முதல்ல அந்தப் பதினஞ்சு லட்சம். மான்சி 1924-ல ரோம்ல பிறந்தவர், தொடக்கப் பள்ளி ஆசிரியர். இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி ராய், கல்வி அமைச்சகத்தோட சேர்ந்து 1960 நவம்பர் 15-ஆம் தேதி "நோன் ஏ மாய் த்ரோப்போ தார்தி"ன்னு ஒரு நிகழ்ச்சியை ஆரம்பிச்சாங்க. எந்த வயசுலயும் கத்துக்கலாம், காலம் கடந்துடலைங்கிற அர்த்தத்துல வச்ச பேர். சாயங்காலம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒளிபரப்பு. 1968 வரைக்கும் 484 பாடம் போச்சு. ஏறக்குறைய 15 லட்சம் பேர் இதனால தொடக்கப் பள்ளிச் சான்றிதழ் வாங்கினாங்கங்கிறதுதான் இத்தாலியில வழக்கமா சொல்ற கணக்கு. கணக்கு சரி, "டிவியிலயே"ங்கிறதுதான் சரியில்லை.

ஏன்னா அப்போ எழுத்தறியாதவங்க வீட்ல டிவி ஏது? இத்தாலியில டிவி ஒளிபரப்பு தொடங்கினதே 1954-லதான். அதனால ஊருக்கு ஊர் பொது இடத்துல டிவி வச்சு, பார்க்கிறதுக்குன்னே மையங்கள் ஏற்பாடு பண்ணினாங்க. அங்க ஒரு ஆசிரியர் இருப்பார். மான்சி திரையில பாடத்தை முடிச்சதும் இவர் வேலை ஆரம்பம்: பென்சில் பிடிக்கிறது, நோட்டுல எழுதறது, தப்பைத் திருத்தறது, சான்றிதழ் பரீட்சைக்குத் தயார் பண்றது. டிவியால ஒருத்தரோட நோட்டைப் பார்க்க முடியாது இல்லையா? இந்த ஆசிரியர்களை இப்போ யாரும் பேசறதே இல்லை. பாதிப் பெருமை அவங்களுக்குச் சேரணும்.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல எழுத்தறியாதவங்க 12.9 சதவீதம், 1961-ல 8.3. இந்த இறக்கத்தை அப்படியே மான்சி கணக்குல எழுதறவங்க உண்டு. நிகழ்ச்சி தொடங்கினது 1960 கடைசி, கணக்கெடுப்பு 1961 அக்டோபர். பதினோரு மாசத்துல அது நடக்காது. பள்ளிக்கூடங்களும் மாலை வகுப்புகளும் அதுக்கு முன்னாடியே வேலை பார்த்துக்கிட்டு இருந்தன.

அப்போ மான்சி என்னதான் செஞ்சார்? அவர் முறையைப் புரிஞ்சுக்கிட்டா உங்க மூணாவது கேள்விக்கும் பதில் கிடைச்சுடும், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

தேர்வுக்குப் போனப்போ அவர் கையில ஒரு பாடக் குறிப்பு கொடுத்தாங்க, நின்னு அதைப் பேசணும். அவர் அதைக் கிழிச்சுப் போட்டுட்டு பெரிய பெரிய தாளும் கரித்துண்டும் கேட்டார்னு சொல்வாங்க. நிகழ்ச்சியிலயும் அதேதான். சட்டத்துல நிறுத்தின தாள், கையில ஓவியர்கள் வச்சிருக்கிற கரி. பேசிக்கிட்டே ஒரு கோடு இழுப்பார். அது என்னன்னு தெரியாது. இன்னொரு வளைவு, இன்னும் தெரியாது. பார்க்கிற ஆள் மனசுக்குள்ள "பானையா? தலையா?"ன்னு யோசிக்க ஆரம்பிச்சிருப்பார். கடைசிக் கோட்டுலதான் உருவம் புரியும். புரிஞ்ச அந்த நொடியில பேரைச் சொல்லி, பக்கத்துலயே எழுதுவார். படம், பேர், எழுத்து, இந்த வரிசைதான். எழுத்தை முதல்ல காட்டிட்டா யோசிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. விடையைத் தள்ளிப் போட்டு மனசை இழுத்துப் பிடிக்கிறதை அவர் "அறிவு இழுவிசை"ங்கிற மாதிரி ஒரு பேர் வச்சே எழுதியிருக்கார். நிறைய பேர் அவரோட ஓவியத் திறமையைப் புகழ்றாங்க. என்னைக் கேட்டா, திறமை அந்தத் தள்ளிப் போடறதுலதான் இருந்தது.

அந்தக் கரி சட்டைக் கையை நாசம் பண்ணிடும். சம்பளம் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததால ராய் தனியா சம்பளம் தரலை. ஒரு பாடத்துக்கு 2,000 லிரா, சட்டைப் படின்னு கொடுத்தாங்க!

இந்த முறை ஸ்டுடியோவுல உதிச்சது இல்லை. 1946-ல ரோம்ல கபெல்லி சிறார் சிறையில அவருக்கு முதல் வேலை. தொண்ணூறுக்கும் மேல பசங்க, 9 வயசுலேர்ந்து 17 வரைக்கும், புத்தகம் கிடையாது, பெஞ்சு கிடையாது. கதை சொல்லித்தான் உட்கார வைக்க முடிஞ்சது. அந்தப் பசங்களோட சேர்ந்து உருவான, ஆத்துல அணை கட்டற பீவர்ங்கிற விலங்கோட கதை பின்னாடி புத்தகமாவே வந்தது. பசங்களே எழுதற ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

ரெண்டாவது சந்தேகம், அந்த முத்திரை. கேள்வியில வரிசை மாறியிருக்கு. மார்க் போடறதை 1977-லயே 517-ஆம் எண் சட்டம் எடுத்துட்டுது. அதுக்குப் பதிலா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பீட்டு அட்டை, அதுல பிள்ளையைப் பத்தி ஆசிரியர் எழுத்துல கருத்து எழுதணும். மான்சி எழுத மாட்டேன்னார். பிள்ளை மாறிக்கிட்டே இருக்கான், இந்த வருஷம் நான் எழுதினதை அடுத்த வருஷம் படிக்கிறவங்க அவனை அந்தக் கண்ணோடயே பார்ப்பாங்க, அந்தச் சூடு அழியாதுங்கிறது அவர் வாதம். 1981-ல அவரைப் பணியிடை நீக்கம் பண்ணிச் சம்பளத்தையும் நிறுத்தினாங்க. முத்திரை வந்தது அதுக்கு அப்புறம். எழுதியே ஆகணும்னு நெருக்கினப்போ எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி: "முடிஞ்சதைச் செய்யறான், முடியாததைச் செய்யறதில்லை." அதை முத்திரையா செஞ்சு குத்தினார். முத்திரை கூடாதுன்னாங்க. பரவாயில்லை, கையாலயே எழுதறேன்னார். ஆக, முத்திரைக்காக நீக்கலை, அட்டையில ஒண்ணும் எழுதாம விட்டதுக்காக நீக்கினாங்க.

இப்போ அம்மா விஷயம். அந்தப் பழைய பாடங்கள் அம்மாவுக்குப் பாதி பொருந்தும். அது இத்தாலியனைக் காதால கேட்டுப் பழகினவங்களுக்கு எழுத்தைக் காட்டின நிகழ்ச்சி, மொழியை முதல்லேர்ந்து கத்துக்கொடுக்கலை. அம்மாவுக்குப் பேச்சு விளங்கறதால உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா அவங்க தமிழ் வாசிக்கிறவங்க. எழுத்துன்னா என்ன, ஒலியும் எழுத்தும் எப்படிச் சேரும்னு தெரிஞ்சவங்க. மான்சி மாசக்கணக்குல செஞ்ச வேலை அவங்களுக்கு ஏற்கெனவே முடிஞ்சாச்சு. அதனால வீடியோவை விட அவர் வரிசையை எடுத்துக்கோங்க.

தெருவுலேர்ந்து ஆரம்பிங்க. கடைக் கதவுல "அபெர்த்தோ", "கியூஸோ", பஸ்ல "உஷீத்தா", அப்புறம் "ஃபார்மாச்சியா". திறந்திருக்கு, மூடியிருக்கு, வெளியேறும் வழி, மருந்துக்கடை. பலகையைக் காட்டி உடனே வாசிச்சுக் காட்டிடாதீங்க. "கடை திறந்திருக்கே, அப்போ இது என்னவா இருக்கும்?"னு கேளுங்க. அம்மா சொன்னப்புறம் எழுத்து எழுத்தா விரல் வச்சு வாசிங்க. ஒரு நாளைக்கு நாலு பலகை போதும்.

எங்க சிக்கல் வரும்னா, தமிழ்ல ஒரே "ப"தான். இத்தாலியன்ல பீட்ஸாவுக்கு ஒரு எழுத்து, பிராவோவுக்கு வேற எழுத்து. "பேரெ"ன்னு தமிழ்ல எழுதி வச்சுப் படிச்சா, பேரிக்காயா, குடிக்கிறதான்னு தெரியாது. க, த-வுக்கும் இதே கதை. அதனால உச்சரிப்பைத் தமிழ் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ண விடாதீங்க, பின்னாடி அதை அழிக்கிறது பெரும்பாடு. அடுத்தது ஆங்கிலத்துல "சி"ன்னு சொல்ற c எழுத்து. வீடுங்கிற "காஸா"ல அது க, ராத்திரிச் சாப்பாடுங்கிற "ச்சேனா"ல அதுவே ச. பின்னால வர்ற உயிரெழுத்து இ, எ-யா இருந்தா ச. நடுவுல எச் வந்தா மறுபடி க, "கியூஸோ"ல இருக்கிறது அதுதான். எச்சுக்குன்னு தனி ஒலியே கிடையாது.

இரட்டை மெய் நமக்குச் சுலபம். "பாலா" மண்வெட்டி, "பால்லா" பந்து. வெனிஸ் பக்கத்து இத்தாலியர்களே இதுல தடுமாறுவாங்க, ஏன்னா அவங்க வட்டார மொழியில இரட்டிப்பு இல்லை. ஆனா நீங்க இருக்கிறது சிசிலி. அங்க புத்தகம்ங்கிற "லீப்ரோ"வை "லீப்ப்ரோ"ன்னு அழுத்திச் சொல்வாங்க. காதுல விழறபடி எழுதினா தப்பாகும். அந்த பிராவோ எழுத்து வர்ற வார்த்தைகளை மட்டும் காதை நம்பாம புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்க.

மான்சி நிகழ்ச்சிதான் வேணும்னா, அவரே 1992-ல "இன்ஸியேமே"ன்னு 60 பாடம் ராய்ல நடத்தினார். அது வெளிநாட்டிலேர்ந்து இத்தாலிக்கு வந்தவங்களுக்காகவே செஞ்சது, கிடைச்சா அம்மாவுக்கு அதைப் போடுங்க. 60-களோடதைப் போடறதா இருந்தா, அவர் படம் வரையும்போது நிறுத்திட்டு "என்ன வரையறார்?"னு அம்மாவை இத்தாலியன்லயே சொல்ல வைங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.