எல்ஃப்கள் கட்டிய துறைமுகத்துக்கு மலையிலிருந்து ஒரு கேள்வி

(கற்பனை உலகங்களை எழுதியும் விளையாடியும் வரும் இளைஞர்களிடையே இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம்.

உங்கள் வரைபடத்தைப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். நன்றாக வரைந்திருக்கிறீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே கடல். கரையோரமாக ஒரு டியூக் (பெரும் பிரபு) ஆளும் நாடு. ஆறு கடலில் சேருகிற இடத்தில் துறைமுக நகரம். அதை ஆயிரம் வருடத்துக்கு முன் எல்ஃப்கள் (கற்பனைக் கதைகளில் வரும், மூப்பில்லாத ஓர் இனம்) கட்டினார்கள், பிறகு கப்பலேறிப் போய்விட்டார்கள், இப்போது மனிதர்கள் ஆள்கிறார்கள் என்று ஓரத்தில் குறிப்பு. வெள்ளைக் கோபுரம், கலங்கரை விளக்கம், அன்னக் கழுத்து வைத்த கப்பல்கள் எல்லாம் இருக்கின்றன. நகரத்துக்குள் ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் உண்டு. கிழக்கே போனால் முக்கோணம் முக்கோணமாக மலை. அங்கே ஒரு பெயரும் இல்லை. ‘டிராகன் இருக்கலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஹட்டனில் உட்கார்ந்து வரைந்த படத்தில் மலைக்குப் பெயர் இல்லை! சரி, கோபிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். இவ்வளவு அழகான கப்பல்களை நிறுத்தியிருக்கிறீர்களே, அவற்றில் என்ன சரக்கு ஏறுகிறது? அது எங்கிருந்து வருகிறது?

துறைமுகம் என்றால் நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். ஆழமான குடா இருந்தால் போதும், நகரம் தானாக வளரும் என்று நினைப்போம். நம் நாட்டிலேயே அது பொய்த்திருக்கிறது. திருகோணமலையைப் பாருங்கள். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆழம் இருக்கிறது, மறைவு இருக்கிறது, மேலே பாறை உச்சியில் கோணேசர் கோயில் இருக்கிறது. எல்ஃப்கள் கப்பலில் வந்திருந்தால் சந்தேகமே இல்லாமல் அங்கேதான் இறங்கியிருப்பார்கள். இந்தக் குடாவுக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் சண்டை போட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை அங்கே இருந்தது. ஆனால் நாட்டின் வியாபாரம் அங்கே போகவில்லை.

போன இடம் கொழும்பு. அந்தக் காலத்துக் கொழும்பு துறைமுகம் என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய இடம். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்க, படகுகள் அலையில் ஆடி ஆடிச் சரக்கை ஏற்றி இறக்கும். நீராவிக் கப்பல்கள் காலிக்குப் போய்விடும். பிறகு எப்படிக் கொழும்பு ஜெயித்தது? பின்னால் மலை இருந்தது. மலையில் கோப்பி இருந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதுவரை கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் இறங்கிய கோப்பி மூட்டைகள் ரயிலில் இறங்கத் தொடங்கின. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது, கிழக்கே வரும் கப்பல்கள் கூடின. 1875இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார். கடல் தராத துறைமுகத்தைக் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள்.

அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இலேயே இலைத்துரு நோய் தெரிய ஆரம்பித்துவிட்டது. கோப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம். 1884இல் இதோ இந்த ஹட்டனுக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்தது. நானுஓயாவுக்குத் தண்டவாளம் எட்டியதும் கொழும்பின் அலைதடுப்புச் சுவர் முடிந்ததும் ஒரே வருடம், 1885. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு காலி, கொழும்புக்கு முன்னால் தலைதூக்கவே இல்லை.

அதனால் உங்கள் டியூக்கின் துறைமுகம் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆழமான குடா மட்டும் முடிவு செய்யாது. ஆற்றோடு மேலே போய், மலையில் என்ன விளைகிறது, அது எந்தக் கணவாய் வழியாக இறங்குகிறது, மழைக்காலத்தில் அந்தப் பாதை எத்தனை நாள் மூடிக் கிடக்கும் என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். எல்ஃப்கள் தேர்ந்தெடுத்த அழகான குடாவில் மனித வியாபாரிகள் நஷ்டப்பட்டு, பத்து மைல் தள்ளி ஓர் அசிங்கமான மண்கரையில் புதிய துறையைக் கட்டினார்கள் என்று வையுங்கள். பழைய நகரத்துக்கும் புதிய துறைக்கும் வருகிற பொறாமையை வைத்தே பத்து அத்தியாயம் எழுதலாம்.

இதை நம் புலவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவை எப்படிக் காட்டுகிறார்கள்? கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, ‘வடமலைப் பிறந்த மணியும் பொன்னும், குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’, அப்புறம் முத்து, பவளம், கங்கையின் விளைச்சல், காவிரியின் விளைச்சல், ஈழத்து உணவு. கப்பலுக்குச் சமமாக வண்டியும் மலையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. சுங்கக்காரர்கள் சுங்கம் வாங்கிச் சரக்கில் புலி முத்திரை குத்திக் குவித்து வைக்கிற காட்சியும் உண்டு. சுங்கம் இல்லாத துறைமுகம் துறைமுகமே இல்லை, பிள்ளைகளே. உங்கள் படத்தில் மந்திரவாதிக்குக் கோபுரம் இருக்கிறது, சுங்கக்காரனுக்கு ஒரு கொட்டகை கூட இல்லை.

முத்திரை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நம் ஃபெக்டரிகளிலிருந்து லொறியில் ஏறுகிற தேயிலைப் பையைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தோட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில். கீழே தரம், பிஓபி என்றோ டஸ்ட் என்றோ. அப்புறம் இன்வொய்ஸ் நம்பர், எடை. சில தோட்டங்களின் பெயர் ஸ்கொட்லாந்தில் ஏதோ ஓர் ஊரின் பெயராக இருக்கும். கொழுந்து எடுத்தவர்கள் ஒருபோதும் பார்க்காத அந்த ஊர் பையில் அச்சாகிக் கடல் தாண்டும். உங்கள் டியூக் நாட்டுச் சரக்குப் பெட்டியில் என்ன முத்திரை? எல்ஃப் எழுத்தா? அதை மலையில் யாருக்காவது படிக்கத் தெரியுமா?

சரி, எல்ஃப்களிடம் வருவோம். மனிதர் ஆளும் ஒரு நகரத்துக்கு எல்ஃப் மூலவர்கள் எதற்கு? டோல்கியனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படித்தவர்களுக்கு டோல் அம்ரோத் தெரிந்திருக்கும். பெல்ஃபலாஸ் கரையில் இருக்கும் கோட்டை நகரம். அங்கே டியூக் இல்லை, இளவரசர். அருகே எடெல்லோண்ட் என்று எல்ஃப்களின் பழைய துறை. அந்த இளவரசர் வம்சத்தின் கதை இது: இம்ராசோர் என்ற மனிதன் மித்ரெல்லாஸ் என்ற எல்ஃப் பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்து மணந்துகொள்கிறான். பிள்ளைகளைப் பெற்ற பிறகு ஒரு நாள் இரவில் அவள் சொல்லாமல் போய்விடுகிறாள். அந்த வயிற்றில் பிறந்த கலதோரிலிருந்து ஆட்சி தொடங்குகிறது. பல தலைமுறை கழித்து வரும் இம்ராஹிலைப் பார்த்ததுமே, உடம்பில் எல்ஃப் ரத்தம் ஓடுவதை லெகோலாஸ் என்ற எல்ஃப் கண்டுபிடித்துவிடுகிறான்.

நாமும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் இல்லை. புகார் நகரத்து மண்டபங்களையும் பந்தலையும் தெய்வத் தச்சன் மயன் செய்தான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்தில் இருக்கும் திருக்கேதீச்சரம் கோயிலைக் கட்டியது மண்டோதரியின் தகப்பன் மயன் என்று ஐதீகம். மாதோட்டமும் அந்தக் காலத்துத் துறைமுகம்தான் என்பதைக் கவனியுங்கள். வேறு வேறு நாட்டுக்காரர்கள் வந்து குவிகிற இடத்தில், ‘இந்த இடம் யாருக்குச் சொந்தம்’ என்ற கேள்வி நாள்தோறும் எழும். ‘எங்கள் பாட்டி எல்ஃப்’ என்று சொல்லிவிட்டால் வரி கேட்கிறவனுக்கு ஒரு தெம்பு. கல்லை உடைத்தவன், கரையில் சேற்றை அள்ளியவன், படகிலிருந்து மூட்டை இறக்கிய நாட்டாமை (சுமைதூக்கி) யாரும் ஸ்தாபகர் பட்டியலில் வர வேண்டியதில்லை. மயன் கட்டினான், முடிந்தது. உங்கள் எல்ஃப்கள் தங்கள் கையாலேயே அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தார்களா? நான் நம்பமாட்டேன். யாரைக் கொண்டு சுமந்தார்கள் என்று எழுதுங்கள்.

டோல் அம்ரோத் கதையில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் உண்டு. மினாஸ் திரித் என்ற தலைநகரின் முற்றுகைக்கு முன்னால் தென்னாட்டுப் படைகள் ஒவ்வொன்றாக வாசலுக்குள் வருகின்றன. பெரும்பாலான படைகளுக்குத் தலைவன் பெயர் உண்டு. கடைசியில் இம்ராஹில் அன்னக் கொடியோடு, குதிரை வீரர்களோடு, 700 ஆட்களோடு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார். நடுவில் லமேதோனிலிருந்து கொஞ்சம் மலைவாசிகள், இறுகிய முகத்தோடு, தலைவன் இல்லாமல். அவ்வளவுதான், ஒரே வரி. கொழும்பில் இருந்து படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். நாம் தாண்டக்கூடாது. தலைவன் இல்லாமல் ஏன் வந்தார்கள்? யார் கூப்பிட்டார்கள்? வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்?

இரண்டாவது இடம், அந்த ஊருக்கு அம்ரோத் என்ற பெயர் வந்த கதை. அம்ரோத் எல்ஃப் அரசன். நிம்ரோடெலோடு கடல் தாண்டிப் போகத் துறையில் காத்திருக்கிறான். அவள் வரவில்லை. வரும் வழியில் வெள்ளை மலைகளுக்குள் தொலைந்துபோனாள். புயல் அடித்துக் கப்பலைக் கடலுக்குள் இழுக்க, அவன் கரையைப் பார்த்துக் குதிக்கிறான், அதோடு சரி. கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் கப்பல் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். மலைக்குள் வழி தவறி நின்றவள் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. நல்ல எழுத்தாளர் ஒருவர் உங்களில் இருந்தால் அங்கே போய் உட்காரலாம். (எல்ஃப்களை அட்டை கடிக்குமா என்ற நெடுநாள் சந்தேகத்தையும் அப்போது தீர்த்துவிடலாம்.)

துறையிலிருந்து மலைக்கு ஏறிய கதை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் ஒரு நினைவு நடை நடந்தது, உங்களில் சிலர் போயிருப்பீர்கள். மயன் கோயில் கட்டியதாகச் சொல்லப்படும் மாதோட்டம் இருக்கிற அதே மன்னார்க் கரைதான் அது. அந்த நடைபாதையை உங்கள் படத்தில் வரையுங்கள். தண்ணீர் கிடைக்கிற இடம், மடம், இரவில் நெருப்பு மூட்டுகிற இடம் எல்லாம் வேண்டும். அப்புறம், மலையில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? நம் தோட்டங்களுக்குச் சாப்பாட்டு அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. கோச்சியில் அரிசி ஏறியது, தேயிலை இறங்கியது. அரிசியின் விலை சம்பளத்தில் கழிந்தது. துறைமுகத்தை ஒரு மாதம் அடைத்தால் உங்கள் மலையில் அடுப்பு எரியுமா?

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நகரத்தில் எல்லாரும் ஒரே மொழி பேசுகிறார்கள். காலியில் 1911இல் ஒரு சாக்கடை மூடியாகக் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தால், அது 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட சீனத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. இப்போது கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது, போனால் பாருங்கள்.

கடைசியாக, எல்ஃப்கள் புறப்பட்டுப் போவது. கற்பனைக் கதைகளில் அது எப்போதும் இனிமையான சோகம். சங்கு, பாட்டு, மேற்கே மறையும் கப்பல். நம் ஆட்களும் கப்பலேறிப் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், இராமேஸ்வரம் கப்பலைப் பிடித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி ஒரு பட்டியலில். பாட்டுக்கு நேரம் இருக்கவில்லை, பெட்டியில் எதை வைப்பது எதை விடுவது என்பதே பெரிய பாடாக இருந்தது.

எனவே உங்கள் டியூக்கின் முதல் சட்டத்தை எழுதுங்கள். எல்ஃப்கள் போன மறுநாள் நகர வாசலில் ஒரு மேசை போட்டு, இந்த நாட்டுக்காரன் யார், வெளியாள் யார் என்று ஒருவன் பதியத் தொடங்குகிறான். மலையிலிருந்து மூட்டையோடு இறங்கியவள் வரிசையில் நிற்கிறாள். அவளிடம் என்ன அத்தாட்சி கேட்கிறான், அவள் என்ன பதில் சொல்கிறாள்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இந்த ஒரு காட்சியை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கம் போதும். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம், டீ வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்கிறார்கள்.