ஆளில்லாத ஊருக்கும் ஒரு மேர்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த நூலக மன்றத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா தாத்தாக்களே, தாய்மார்களே, பொன்னாடை போர்த்திய தம்பிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

பிரான்சு நாட்டுச் சிற்றூர்களைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். மேர் என்னும் ஊர்த் தலைவர், பள்ளிக்கூடம், பணம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

புரட்சி வெடித்த 1789-லேயே ஊருக்கு ஊர் கொம்யூன், அதாவது ஊராட்சி, என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இன்று ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள். நூறு பேர்கூட இல்லாத ஊரின் மன்றத்துக்கும் 7 உறுப்பினர்கள் உண்டு; அவர்கள் கூடி மேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் விவசாயியாகக்கூட இருப்பார். காலையில் மாட்டுத்தொழுவம், மாலையில் மேரி என்னும் ஊர் அலுவலகம். கல்யாணம் என்றால் மூவண்ணப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டப் பிரிவுகளை வாசிப்பார். அதுவரை மண்டபக் கதவைச் சாத்தக் கூடாது. ஆட்சேபம் உள்ளவர் யாரும் உள்ளே வரலாம்!

1900 செப்டம்பர் 22 அன்று நடந்ததைக் கேளுங்கள். குடியரசுத் தலைவர் எமில் லூபே நாட்டிலுள்ள மேர்களையெல்லாம் பாரிசுக்கு விருந்துக்கு அழைத்தார். துய்லெரி தோட்டத்தில் பந்தல். வந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். நம் வீட்டுக் கல்யாணத்தில் இருநூறு இலை போட்டாலே பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறோம். அங்கே பந்தி கிலோமீட்டர் கணக்கில் நீண்டது! மேற்பார்வையாளர்கள் சைக்கிளில் போனார்கள். ஒரு மோட்டார் காரும் மேசைகளுக்கு நடுவே ஓடியது. அத்தனை வரிசையிலும் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். நாட்டின் தலைவரோடு சரிசமமாக உணவருந்தினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பவர்களுக்கு நாடு செய்த மரியாதை அது.

அப்புறம் பிரான்சின் வடகிழக்கிலுள்ள வெர்தன் நகரம். முதல் உலகப் போரில், 1916-ல், அதைச் சுற்றியிருந்த கிராமங்கள் தரைமட்டமாயின. ஃப்ளெரி என்ற ஊர் பதினாறு முறை கைமாறியது. இன்று அங்கே வீடு கிடையாது. குண்டு விழுந்த குழிகளின் மேல் புல் முளைத்திருக்கிறது; தெரு இருந்த இடத்துக்குக் குறிக்கல் நட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஊரின் பெயரை அழிக்கவில்லை. வாக்காளர் இல்லாததால் மாவட்ட நிர்வாகமே ஒருவரை மேராக நியமிக்கிறது. ஆளே இல்லாத அப்படிப்பட்ட ஊர்கள் அங்கே ஆறு இருக்கின்றன.

ஆளிருக்கிற நம் புதுச்சேரிக்கு வாருங்கள். 1880-ல் பிரெஞ்சுக்காரர் இங்கும் கொம்யூன் வைத்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. தேர்தல்? 1968-க்குப் பிறகு 38 ஆண்டு காத்திருந்து 2006-ல் ஒருமுறை நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதோடு சரி. தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஊர் கூடத் தயார்; வடத்தைக் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்கும் பணத்துக்கும் இன்று நேரமில்லை, தலைவர் மணியடிக்கிறார். உள்ளாட்சித் தேர்தல் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தேநீருக்குப் போக வேண்டும். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.