அம்பாரத்துக்கு என்ன நிறம்?

வணக்கம் நேயர்களே. என்னை ஓவியர் என்று அறிமுகம் செய்தார்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் 31 வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக வாட்டர்கலர் வரைகிறேன். கண்காட்சி வைத்ததில்லை, படம் விற்றதும் இல்லை. ஒரே ஒரு படத்தை மைத்துனர் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனார். இப்போது அது அவர் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டு வருஷமாக நான் வரைவது உப்பளம் மட்டும்தான். திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளையாக உப்பு அம்பாரம். வேலைக்குப் போன காலத்தில் எத்தனையோ தடவை அந்த வழியில் போயிருக்கிறேன். தலையைத் திருப்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

வரைய உட்கார்ந்ததும் முதலில் மாட்டிக்கொண்டது வெள்ளையில்தான். வாட்டர்கலரில் வெள்ளை என்றால் காகிதம்தான். வெள்ளை வேண்டிய இடத்தில் தூரிகை படாமல் விட்டுவிட வேண்டும். டியூபில் வெள்ளை கிடைக்காமல் இல்லை. 1834இலேயே இங்கிலாந்தின் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் துத்தநாக வெள்ளையைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. நானும் வெள்ளை டியூப் ஒன்றை வாங்கி அப்பிப் பார்த்தேன். அம்பாரம் சுண்ணாம்புக் குவியலாகிவிட்டது, வெற்றிலையில் தடவலாம். சரி, தொடாமலே விடுவோம் என்று விட்டேன். பாதியில் எழுந்து போனவன் வரைந்த படம் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அம்பாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். காலை ஆறரை மணிக்கு வெயில் படும் பக்கம் லேசான சந்தன நிறம். நிழல் பக்கம் நல்ல நீலம், வானம் அப்படியே அதில் விழுகிறது. அடியில், தண்ணீரை ஒட்டி, ஒரு ரோஸ். முற்றிய உப்புநீரில் வாழும் ஒருவகைப் பாசியும் நுண்ணுயிர்களும் தண்ணீரையே சிவக்க வைக்கின்றன. அளத்தில் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது, அதாவது உப்பு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை மானி போட்டு டிகிரியில் சொல்வார்கள், இது சூட்டு டிகிரி இல்லை. கடல் தண்ணீர் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரி வரும்போது உப்பு படியத் தொடங்கும். முதல் பாத்தியிலிருந்து கடைசிப் பாத்தி வரை நடந்தால் பச்சை கலந்த சாம்பலில் தொடங்கி ரோஸில் முடிகிறது. கணக்கு எழுதிய கை அல்லவா, டிகிரி ஒரு பக்கம் நிறம் ஒரு பக்கம் என்று நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

தேடிப் பார்த்தால் உண்மையான வெள்ளை அம்பாரத்தின் உச்சியில் ஒரு நகக்கண் அளவுதான். அதை மட்டும் இப்போது காகிதமாக விடுகிறேன். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும். இரண்டும் சேர்ந்தால் சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் காலை, சியன்னா தூக்கலாக இருந்தால் சாயங்காலம். கறுப்பு டியூப் நான் வாங்குவதே இல்லை.

ஆரம்பத்தில் அளத்திலேயே உட்கார்ந்து வரைந்தேன். வெயில் நேராகக் காகிதத்தில் விழும்போது கண் கூசும், எந்த நிறமும் வெளிறித் தெரியும். வெளிறித் தெரிகிறதே என்று மேலும் மேலும் அடர்த்தியாகப் பூசுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மழைக்கால இருட்டு. இப்போது அங்கே பென்சில் கோடும் நிறக்குறிப்பும் மட்டும். வண்ணம் வீட்டில், வடக்கு ஜன்னலோரம். காகிதம் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்திக் காகிதம். விலை அதிகம்தான், ஆனால் மெல்லிசுக் காகிதம் தண்ணீர் பட்டதும் அப்பளமாகச் சுருண்டுவிடுகிறது.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈர வண்ணத்தில் உப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்து, நட்சத்திரம் மாதிரி வெளிறிய பூ பூக்கும். இது வாட்டர்கலர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. உப்பளப் படத்துக்கு உப்பளத்து உப்பையே தூவினால் எவ்வளவு பொருத்தம் என்று ஒரு கை அள்ளி வந்தேன். அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? படம் இரண்டு நாள் காயவில்லை. பூவும் பூக்கவில்லை. கடைசியில் மளிகைக் கடைப் பாக்கெட் உப்புதான் வேலை செய்தது. அதையும் ஈரத்தின் மினுமினுப்பு மங்குகிற அந்த அரை நிமிஷத்துக்குள் தூவ வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. பல அளங்களில் சேர்த்து வைத்த உப்பு கரைந்து போனது. சில வாரம் கழித்துப் போய் ஒரே ஒரு படம் வரைந்தேன். வரப்பும் இல்லை, அம்பாரமும் இல்லை, சேற்று நிறத் தண்ணீர் மட்டும். அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை.

நான் நன்றாக வந்ததாக நினைத்திருந்த படம் வேறொன்று. அதை அளத்தில் உப்பு வாரும் ஒரு அம்மாவிடம் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அண்ணாச்சி, அம்பாரம் இம்புட்டுக் கூம்பா நிக்காது. சரிஞ்சிரும்லா” என்றார். உண்மைதான், இமயமலை மாதிரி வரைந்து வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் கேட்டார்: “ஆளே இல்லியே, உப்பு தானா வந்து குமிஞ்சிட்டா?”

எனக்கு மனித உருவம் வரைய வராது. அதனால்தான் படத்தில் ஆள் கிடையாது. வெறுமைதான் அழகு, அமைதி என்றெல்லாம் நண்பர்களிடம் அளந்து வைத்திருந்தேன். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண் கூசாமல் இருக்க விடியுமுன்னே வந்து வேலையைத் தொடங்குகிறவர்கள் அவர்கள். நான் போய்ச் சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நாலு மாசமாக ஆட்களை மட்டும் வரைகிறேன். குனிந்தவர், நிமிர்ந்தவர், தலையில் கூடையோடு வரப்பில் நடப்பவர். ஒரு நோட்டு முழுக்கக் கிறுக்கியாகிவிட்டது. முகம் தேவையில்லை, தூரத்தில் அது தெரியாது. நீளக் கம்புப் பலகையால் உப்பை இழுக்கும்போது பின்னங்காலில் விழுகிற பாரம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. என் படத்தில் எல்லோரும் பலகையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்போது மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை. அம்பாரங்களை மூடிப் போட்டிருக்கிறார்கள். தை பிறந்து பாத்தியைச் சீர் செய்ய ஆரம்பித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இந்தத் தடவை விடியுமுன்னே. அந்த அம்மாவும் கேட்பார்கள். வணக்கம்.