வெள்ளிக்கிழமை முதலாளியிடம் லீவு கேட்காதே

(கோவையில் சிறுதொழில் முதலாளிகள், மேலாளர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'மனிதவள ஆலோசகர்' என்று போட்டிருக்கிறீர்கள். வெளியில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "ஆள் பிடிச்சுக் குடுப்பீங்களா?" என்பதுதான். அதுவும் செய்கிறோம், மறைப்பானேன். ஆனால் கொஞ்ச வருடமாக எனக்கு வரும் போன்களில் பாதி வேறு மாதிரி. "நம்ம ஆளுங்களுக்கு இந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸ் கிளாஸ் ஒண்ணு எடுக்கோணுங்க, ஒரே நாள்ல முடிச்சுரலாமுங்களா?" இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வருமா? நானும் பல வருடம் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். காலையில் விளையாட்டு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் எட்டரை மணிக்கு அதே சூப்பர்வைசர் அதே ஆளைப் பார்த்து அதே மாதிரி கத்திக்கொண்டிருப்பார்.

இந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1990-இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில்தான் இது ஒரு கருத்தாகத் திரண்டது. அவர்கள் சொன்னது ரொம்ப எளிமை: தன் மனதில் ஓடுவதையும் அடுத்தவர் மனதில் ஓடுவதையும் கவனிப்பது, எது எது என்று பிரித்துப் பார்ப்பது, பார்த்ததை வைத்து யோசித்து நடந்துகொள்வது. 1995-இல் டேனியல் கோல்மேன் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, அது உலகம் முழுக்க விற்க, கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. அப்புறம்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. தமிழில் உணர்வுசார் நுண்ணறிவு என்கிறார்கள். நீளமாக இருக்கிறது, நான் உணர்வறிவு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். சேர்கிற வேகத்திலேயே டெய்லர்கள் போய்விடுகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். முதலாளியே நோயையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: "லைன் சூப்பர்வைசரம்மாவுக்கு வாய் ஜாஸ்திங்க, அவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னாப் போதும்." கிளாஸ் அப்புறம், முதலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி, செக்கிங் டேபிள் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

காலையில் அந்த அம்மா தங்கமாகத்தான் இருந்தார். ஒரு டெய்லரிடம் "பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று விசாரிக்கிறார், இன்னொருத்திக்கு ஊசி மாற்றிக் கொடுக்கிறார். பதினோரு மணியை நெருங்கும்போதுதான் குரல் ஏறுகிறது. மூன்று நாளும் அதே நேரம். என்ன என்று பார்த்தால், கட்டிங்கிலிருந்து வெட்டின துணிப் பண்டல் லேட்டாக வருகிறது. இரண்டு ஓவர்லாக் மெஷின் சும்மா நிற்கிறது. லைனுக்கு முன்னால் தொங்கும் போர்டில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுத வேண்டும், அந்த மணிக்கான கட்டத்தில் எண்ணிக்கை குறைகிறது. சரியாக அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து போர்டைப் பார்த்து, எல்லார் முன்னாலும் அந்த அம்மாவைக் கேட்கிறார். அவர் போய்க் கட்டிங் மாஸ்டரைக் கேட்க முடியுமா? முடியாது. முதலாளி தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர் அந்த மாஸ்டர், முதலாளியே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். சூப்பர்வைசரம்மாவோ போன வருடம் வரை இதே லைனில் டெய்லர். அதனால் திரும்புகிறார். திரும்பின இடத்தில், சேர்ந்து இரண்டு வாரம் ஆன ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறது. "கை என்ன அசையவே மாட்டேங்குது?" அந்தப் பெண்ணின் கை அசையாததற்குக் காரணம் அதில் துணி இல்லாததுதான்.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான். செல்லிடத்துக் காப்பான்தான் சினம் காப்பவன் என்கிறார். உன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்கினால்தான் அதற்குப் பெயர் அடக்கம். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. சரக்கு வாங்கும் பையரிடமும் பேங்க் மேனேஜரிடமும் நாம் எல்லோரும் மகா பொறுமைசாலிகள். உணர்வறிவை அளக்க விதவிதமான கேள்வித்தாள் விற்கிறார்கள், நானே விற்றிருக்கிறேன். என்னைக் கேட்டால், ஒரு ஆள் வாட்ச்மேனிடம் எப்படிப் பேசுகிறார் என்று பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ஒரு முறை கோபத்தைக் கையாள்வது பற்றிப் பேசப் போன ஹாலில் புரொஜெக்டர் கேபிள் இல்லை. என் ஆபீஸ் பையனை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு உள்ளே போய் மைக்கைப் பிடித்தேன். எடுத்து வைக்கச் சொல்ல மறந்தது நான்தான்.

அந்தக் கம்பெனியில் கடைசியில் கிளாஸ் எதுவும் எடுக்கவில்லை. போர்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னேன், 'பண்டல் வந்த நேரம்' என்று. அவ்வளவுதான். கட்டிங் மாஸ்டர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படியானால் ஆளுக்குப் பயிற்சியே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது வார்த்தையில் தொடங்க வேண்டும். நம்மிடம் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை: டென்ஷன். பயமா, டென்ஷன். அவமானமா, டென்ஷன். தூக்கம் போதவில்லையா, அதுவும் டென்ஷன். கடுப்பு, பதற்றம், ஆற்றாமை, பொருமல், மனத்தாங்கல், கூச்சம், ஆதங்கம் என்று இத்தனை வைத்திருக்கிற மொழி இது! மனத்தாங்கலும் கோபமும் ஒன்றா? நெருங்கினவர்கள் மேல்தான் மனத்தாங்கல் வரும். அதற்கு மருந்தும் வேறு. 2007-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கோபமான, பயந்த முகங்களின் படத்தைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னபோது, அமிக்டலா என்கிற, ஆபத்தைக் கண்டு அலறும் பகுதியின் துடிப்பு குறைந்தது. பெயர் வைத்தாலே கொஞ்சம் இறங்குகிறது.

அதனால் என் வகுப்பில் டென்ஷன் என்ற வார்த்தைக்குத் தடை. இங்கே பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், நல்ல மனுஷன், வெள்ளிக்கிழமை ஆனால் மட்டும் எரிந்து விழுவார். வேறு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கோபம் என்றார். சரி, எதன் மேல்? கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "பயங்க. சனிக்கிழமை சம்பளம் போடோணும், பார்ட்டி பேமென்ட் வந்திருக்காது." இதில் வேடிக்கை, அவருக்கே தெரியாத இந்த விஷயம் அவர் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. புதிதாகச் சேரும் பையனுக்கு அங்கே சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, வெள்ளிக்கிழமை முதலாளியிடம் லீவு கேட்காதே என்பதுதான்.

ஆட்களுக்கு எல்லாம் தெரியும். நாம்தான் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரு படிவத்தை நீட்டிக் கேட்கிறோம். வேலையை விட்டுப் போகிறவர் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுப்பார், ஹெச்ஆரும் பைலில் போட்டுவிடுவார். அந்த ஆளையே மூன்று மாதம் கழித்து, செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்த பிறகு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலை இருந்தது. 1928-இல் அங்கே தொழிலாளர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். ஆட்கள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசிக்கொண்டு போக, பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, பேசுவதைக் கேட்டாலே போதும் என்று முறையை மாற்றினார்கள். இரண்டு வருடத்தில் 21,000 பேருக்கு மேல் கேட்டார்கள். இதுவரை எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். 1936-இல் அங்கே ஆலோசகர்களை நிரந்தரமாக வைத்தார்கள். அவர்கள் வேலை கேட்பது மட்டும், கேட்டதை வைத்து எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது. இருபது வருடம் ஓட்டி, 1956-இல் மூடிவிட்டார்கள். புலம்பலை மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் போடுவது என்றால், அதற்கு நான் எதற்கு?

இன்னொன்று. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் பெண்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். 1983-இலேயே ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, மனதில் இல்லாத சிரிப்பை முகத்தில் வைத்திருப்பதும் ஒரு உழைப்புதான் என்று எழுதிவிட்டார். நான் அந்தப் பெண்களிடம் கேட்டது, "எங்கம்மா உட்காருவீங்க?" ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முதலில் ஸ்டூல் போடுங்கள், சிரிப்புக்கு அப்புறம் வருகிறேன் என்றேன். அந்த ஆர்டர் எனக்குக் கிடைக்கவில்லை.

பின் வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். சொல்லுங்க. அந்தப் பனியன் கம்பெனி சூப்பர்வைசரம்மா இப்போது திருந்திவிட்டாரா என்கிறீர்களா? போன மாதம் முதலாளியிடம் நானும் இதையேதான் கேட்டேன். "எங்கீங்க, இன்னும் கத்தீட்டுத்தான் இருக்குது," என்றார். "இப்பக் கட்டிங் பக்கமாப் பார்த்துக் கத்துது."